பப்ளிலியஸ் சைரஸ்: அடிமையாய் வந்த கவிஞர்

கி.மு. முதல் நூற்றாண்டில், ஒரே கப்பலில் ரோமுக்கு அடிமைகளாக வந்திறங்கிய மூவரை மூத்த பிளினி குறித்துவைத்திருக்கிறார். ஒருவர் வானநூலார், ஒருவர் இலக்கண ஆசிரியர், மற்றவர் பப்ளிலியஸ் சைரஸ். விற்பனைக்கு வந்த அடிமைகளின் பாதங்களில் சுண்ணம் பூசுவது அக்கால வழக்கம். சைரஸ் என்பதுகூட இயற்பெயரன்று. சிரியாக்காரன் என்னும் அடையாளமே.

அறிவுக்கூர்மையும் நகைச்சுவையும் அவருக்கு விடுதலையை ஈட்டித்தந்தன, கல்வியும் வாய்த்தது. பின்னர் மைம் என்னும் கூத்துகளை எழுதி, தாமே நடித்து, இத்தாலிய ஊர்களில் புகழ்பெற்றார். (இன்றைய மௌன நடிப்பன்று அது, முகமூடியின்றி, பேச்சும் எள்ளலுமாக நிகழ்ந்த கூத்து.)

கி.மு. 46இல் சீசர் நடத்திய விழாவில், மேடைக்கு எழுதுவோர் அனைவரையும் சைரஸ் போட்டிக்கு அழைத்தார். அவ்விழாவில் லபேரியஸையும் சீசர் மேடையேற்றினார். அவர் குதிரைவீரர் எனப்பட்ட உயர்குடி வகுப்பினர், அறுபது வயதினர். கூத்து எழுதியவரே ஆயினும் நடித்தவரல்லர். மேடையேறினால் குலமதிப்பு போய்விடும். சர்வாதிகாரியின் வேண்டுகோளை மறுக்க யாரால் இயலும்? தம் இழிவை முன்னுரையிலேயே புலம்பிய முதியவர், சாட்டையடிபட்ட சிரிய அடிமையின் வேடத்தில் தோன்றி, பலரை அஞ்சவைப்பவனின் அச்சத்தைச் சுட்டினார். அவையின் கண்கள் சீசர்மேல் திரும்பின. வேடமிட்ட சிரியரை மெய்யான சிரியர் வென்றார். வாகைக்குரிய ஈச்ச ஓலை சைரஸுக்கு. பொன்மோதிரமும் 5,00,000 செஸ்டெர்ஸும் லபேரியஸுக்கு. எழுத்தில் எதிர்த்து நின்றவர் இனிப் பார்வையாளராய் இருந்து ஆதரிக்குமாறு சைரஸ் வேண்டிக்கொண்டாராம். மதிப்பை மீளப்பெற்ற முதியவருக்கோ, தம் வகுப்பாரின் இருக்கைகளில் இடம்விட ஒருவருமில்லை. வென்றவரைவிடத் தோற்றவரே அன்று பெரியவராய் நின்றார் என்பது என் கருத்து.

சைரஸின் நாடகங்கள் அழிந்தன. இரண்டின் தலைப்புகளே எஞ்சின. அவற்றிலிருந்து பொறுக்கிய, ஏறத்தாழ 700 ஒற்றை வரிகள், நம் ஆத்திசூடியைப் போல் முதலெழுத்து வரிசையில் தொகுக்கப்பட்டுப் பள்ளிகளில் பாடமாயின. செனெகா அவற்றைப் பெரிதும் பாராட்டினார். ஊழின் நிலையாமை, சினம், பகை, கஞ்சத்தனம் ஆகியவை மீண்டும் மீண்டும் வருகின்றன. தீங்கை மறக்கச் சொல்லும் வரியும் உண்டு. பொறுத்தால் புதுத்தீங்கு வரும் என எச்சரிக்கும் வரியும் உண்டு. இதை முரண் என்பர் சிலர். நாடகத்தில் ஒன்றை ஆண்டையும் மற்றொன்றை அடிமையும் பேசியிருக்கலாம் அல்லவா? பேசியவர் யாரென்று தொகுத்தவர்கள் குறித்துவைக்கவில்லை.