சட்டமும் கொடுத்தார், கூரையும் கொடுத்தார்
டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் (1886–1968)

நம்ம குழுக்களில் கர்ப்பமாக இருக்கிற பெண்கள் நர்சம்மாவிடம் பதிவு பண்ணும்போது ஒரு பேரைக் கேட்டிருப்பார்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். பணம் எப்போ ஏறும்னு கேட்போம். அந்த அம்மா யாருன்னு நம்மில் பலர் கேட்டதில்லை. பெண்ணை விலைபேசுகிற வழக்கத்தைச் சட்டத்தால் மடக்கப் பாடுபட்ட அந்த அம்மாவின் வாழ்க்கையை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்ணைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவர் சேர வந்தபோது ஊரே முணுமுணுத்தது. மகாராஜா அனுமதி கொடுத்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். அதுவும் சும்மா இல்லை. தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று முதலிலேயே பேசி முடித்துக்கொண்ட கல்யாணம்.

1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையில் உறுப்பினராக உட்கார்ந்தார். வெள்ளைக்காரர் ஆண்ட இந்தியாவில் சட்டசபைக்குள் போன முதல் பெண் இவர்தான். சபையின் துணைத் தலைவராகவும் எல்லோரும் சேர்ந்து இவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டம் இருந்தும் ஏன் பயனில்லை?

அந்தக் காலத்தில் சின்னப் பெண் பிள்ளைக்குக் கோயிலில் பொட்டுக் கட்டிவிடுவார்கள். அதற்கப்புறம் அவளுக்குக் கல்யாணம் கிடையாது. ஆடவும் பாடவும் கற்ற கலைக்காரிகள் அவர்களில் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் வயதுக்கு வந்ததும் ஊர்ப் பணக்காரரின் தயவில் வாழ வேண்டிய நிலைமைதான் பலருக்கும்.

சிறுமியை விபச்சாரத்துக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று 1860-லேயே தண்டனைச் சட்டம் சொல்லிவிட்டது. ஆனால் பெற்ற தாயே சாமி பேரில் பொட்டுக் கட்டினால், விற்றவர் யார், வாங்கியவர் யார்? கோயில் சடங்கு என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். பொட்டுக் கட்டுவதையே நிறுத்த வேண்டும் என்று அம்மையார் 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தார். சபை அதை ஏற்றது.

ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஏன் இப்படிச் செய்கிறாள் என்றும் அம்மையார் பார்த்தார். காரணம் நிலம். கோயில் ஊழியத்துக்கு மானியமாகக் கொடுத்த நிலம் அது. அடுத்த தலைமுறையில் ஒருத்தி பொட்டுக் கட்டிக்கொள்ளவில்லை என்றால் நிலம் கை விட்டுப் போகும், அடுப்பு எரியாது. அதனால் 1929-ல் வந்த சட்டத் திருத்தம் முதலில் நிலத்தை விடுவித்தது. கோயில் ஊழியம் செய்யாமலேயே, ஒரு தொகையை வரியாகக் கட்டிக்கொண்டு அந்தப் பெண்கள் நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. தண்டனைக்கு முன்னாடி சோற்றுக்கு வழி பண்ணினார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்து 1930-ல் சென்னை மாகாணத்தில் விபச்சாரத் தொழில் தடுப்புச் சட்டம் வந்தது. அதற்காகவும் அம்மையார் சபையில் பாடுபட்டார். விடுதி நடத்துகிறவர், ஆள் பிடித்துக் கொடுக்கிற தரகர், பெண்ணின் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் ஆகியோரைப் பிடிப்பதும், அங்கே மாட்டிய சிறுமிகளை மீட்பதும் அந்தச் சட்டத்தின் வேலை.

எதிர்ப்பு

எல்லோரும் கை தட்டவில்லை. மரபு கெடும், கலை அழியும் என்று செல்வாக்கான தலைவர்கள் சிலர் எதிர்த்தார்கள். சென்னையில் இருந்த தேவதாசிப் பெண்களிலேயே ஒரு பகுதியினர் சங்கம் கூடி அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துறீங்களே, எங்கள் கலையும் சொத்தும் என்னாவது என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலையிலும் நியாயம் இருந்தது. இன்னொரு பக்கம் அதே வழக்கத்தின் கொடுமையை அனுபவித்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெரியாரும் ஆதரவாக நின்றார்.

காந்தியடிகளை 1930-ல் கைது செய்தபோது அம்மையார் பதவியை விட்டு விலகினார். பொட்டுக் கட்டுவதைத் தடுக்க அவர் கொண்டுவந்த மசோதா அப்படியே நின்றுபோனது. 17 வருஷம் கழித்து, 1947-ல்தான் அது சட்டமானது. பொட்டுக் கட்டுவது செல்லாது, அந்தப் பெண் முறைப்படி கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், சடங்கை நடத்துவது குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது.

வீட்டையே திறந்துவிட்டார்

பதவி போனதும் அம்மையார் சும்மா இருந்துவிடவில்லை. அந்த வழக்கத்திலிருந்து தப்பி வந்த சில பெண் பிள்ளைகளுக்கு எந்த விடுதியிலும் இடம் கிடைக்கவில்லை. அவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்துப் படிக்க வைத்தார். 1930-ல் அப்படித் தொடங்கியதுதான் அவ்வை இல்லம். இன்றைக்கும் சென்னை அடையாற்றில் அது நடக்கிறது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கவும் காரணமாக இருந்தார். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்று, 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

நமக்கு என்ன வேலை?

நாடு முழுவதற்குமான விபச்சாரத் தொழில் தடுப்புச் சட்டம் 1956-ல் வந்தது. தொழில் நடத்துகிறவரைப் பிடிக்க வேண்டிய சட்டம் பெண்ணையே பிடிக்கிற நிலைமை அதன் பிறகும் தொடர்ந்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற பெண்களைப் போலீஸ் மரியாதையோடு நடத்த வேண்டும், துன்புறுத்தக் கூடாது, அவர்களின் பேரும் படமும் வெளியே வரக் கூடாது என்று சொன்னது.

சகோதரிகளே, வேலை வாங்கித் தருகிறேன் என்று ஊருக்குப் புதுசாக ஒருவர் பெண் பிள்ளைகளைக் கூப்பிட்டால், நாலு பேராகப் போய் விசாரியுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098, பெண்களுக்கு என்றால் 181. எங்கே நிலம் வாங்கினாலும் பத்திரத்தில் பெண்ணின் பேரும் இருக்கட்டும்.

இதையெல்லாம் விடக் கஷ்டமான வேலை ஒன்று இருக்கிறது. அப்படி மாட்டி மீண்ட ஒரு பெண் நாளைக்கு நம்ம தெருவுக்குத் திரும்பி வந்தால், வாரக் கூட்டத்தில் பாயில் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுப்போமா? சேமிப்புப் புத்தகத்தில் அவள் பேரை எழுதுவோமா? சட்டசபையில் ஜெயித்த அம்மையார் வீட்டுக் கதவையும் திறந்துவைத்தார். நம்ம கையில் சட்டசபை இல்லை, கதவு இருக்கிறது.