ஐரீன் பெர்னாண்டஸ்: தடுப்பு முகாமுக்குள் நடந்ததை வெளியே சொன்னதற்காக 12 ஆண்டுகள் நீதிமன்றப் படியேறிய மலேசியப் பெண்

செராஸில் எம்.ஆர்.டி. ஏறினால் தெற்கே கடைசி நிலையம் காஜாங். அங்கிருந்து சாலை வழியாக இன்னும் கொஞ்ச தூரம் போனால் செமினி. அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்குப் புதிய வீடமைப்புத் திட்டங்களோ, நோட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகமோ நினைவுக்கு வரலாம்.

ஆனால், 1995-இல் செமினி செய்தியில் அடிபட்டது வேறொரு காரணத்துக்காக. அங்கிருந்த குடிநுழைவுத் தடுப்பு முகாமில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பலருக்கு பெரிபெரி நோய். தைமின் என்ற வைட்டமின் உடலில் இல்லாமல் போனால் வருகிற நோய் அது. போதிய சத்துணவு இருந்தால் தவிர்த்திருக்கக் கூடியது.

இதை எழுதி வெளியிட்டவர் கைது செய்யப்பட்டார். அவர் பெயர் ஐரீன் பெர்னாண்டஸ். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அப்போது நீங்கள் ஆரம்பப் பள்ளியில் இருந்திருக்கலாம், அதனால் பெயர் தெரியாமல் இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் இன்று மனிதக் கடத்தலில் இருந்து மீண்டு வரும் ஒருவருக்கு இந்த நாட்டில் சிறைக்குப் பதிலாக ஒரு காப்பகம் கிடைக்கிறது என்றால், அதற்குப் பின்னால் உள்ள நீண்ட போராட்டத்தில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு.

யார் இந்த ஐரீன்?

1946 ஏப்ரல் 18-ஆம் தேதி கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியில் பிறந்தவர். பெற்றோர் இந்தியாவில் இருந்து மலாயாவுக்கு வந்தவர்கள். தந்தைக்கு ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வையாளர் வேலை.

தோட்டம் என்றால் என்ன என்பதை உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். யார் எந்த வீட்டில் இருப்பது, யார் யாருக்குக் கைகட்டி நிற்பது, கடன் எப்படி ஒரு குடும்பத்தைக் கட்டிப்போடும் என்பதெல்லாம் அங்கே வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. கங்காணி கடல் கடந்து ஆள் கூட்டி வந்த கதையும், இன்றைய ஏஜெண்டு ஆள் கூட்டி வரும் கதையும் தூரத்துச் சொந்தம்தான்.

படித்து முடித்து ஆசிரியை ஆனார். நிரந்தர வேலை, மாதச் சம்பளம், மரியாதை. அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் 1970-இல், 23 வயதில், வேலையை விட்டுவிட்டார்.

ஆசிரியை வேலையை விட்டு என்ன செய்தார்?

1970-களில் மலேசியாவில் சுதந்திர வர்த்தக மண்டலங்கள் திறக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் கம்பத்தையும் தோட்டத்தையும் விட்டுத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தில் சேர்ந்த ஐரீன், ஜவுளி ஆலைகளில் வேலை செய்த பெண்களுக்குத் தொழிற்சங்கம் அமைக்க உழைத்தார். பிறகு பயனீட்டாளர் இயக்கத்தில் பணியாற்றினார்.

1980-களில் பெண்களுக்கு எதிரான வன்முறை பற்றிய பிரசாரம் சூடு பிடித்தபோது, அவாம் என்ற அனைத்து மகளிர் நடவடிக்கைச் சங்கத்தின் தலைவராக ஐந்தாண்டுகள் இருந்தார். குடும்ப வன்முறைச் சட்டம் 1994-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதற்கு, இப்படிப்பட்ட சங்கங்கள் சேர்ந்து கொடுத்த அழுத்தம் முக்கியக் காரணம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிபட்ட பெண்களுக்கான காப்பகம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அப்போதே வந்துவிட்டது. டபள்யூ.ஏ.ஓ. என்ற மகளிர் உதவி அமைப்பு 1982-இல் அதைத் தொடங்கியது. ஆனால் அடிபட்டவர் வெளிநாட்டுப் பெண் என்றால்? கையில் கடப்பிதழே இல்லையென்றால்? போலீஸ் நிலையத்துக்குப் போனால் புகார் எழுதுவார்களா, இல்லை கைவிலங்கு மாட்டுவார்களா?

இந்தக் கேள்வியோடுதான் 1991-இல் 'தெனாகானித்தா' பிறந்தது. 'தெனாகா' என்றால் சக்தி, 'வனித்தா' என்றால் பெண். மகளிர் சக்தி. தோட்டப் பெண்கள், ஆலைப் பெண்கள், வீட்டுப் பணிப்பெண்கள், அகதிகள் என்று வேறு கதவு திறக்காதவர்கள் தேடி வரும் இடமாக அது மாறியது.

1995 அறிக்கையில் என்ன இருந்தது?

சுவாரசியமான விஷயம், ஐரீன் தடுப்பு முகாம்களைத் தேடிப் போகவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர்களிடையே எச்.ஐ.வி. மற்றும் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு செய்யத்தான் தெனாகானித்தா இறங்கியது. 300-க்கும் அதிகமானோரிடம் பேசினார்கள். உடல்நலம் பற்றிக் கேட்டால், அவர்கள் முகாமைப் பற்றிச் சொன்னார்கள். அடி, பசி, தண்ணீர் இல்லாமை, மருத்துவம் இல்லாமல் பக்கத்தில் கிடந்தவர் இறந்தது. ஒருவர் இருவர் என்றால் மிகைப்படுத்தல் என்று தள்ளலாம். தனித்தனியாகப் பேசிய இத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னால்?

அதே நேரத்தில் ஓர் ஆங்கில நாளிதழின் நிருபர்கள் செமினி முகாமில் 59 பேர் இறந்ததாகத் தகவல் திரட்டியிருந்தார்கள். அந்தச் செய்தி அச்சேறவில்லை. அவர்களில் ஒருவர் ஸ்டீவன் கான். நான்கு ஆண்டுகள் கழித்து மலேசியாகினி இணையத்தளத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் என்று சொன்னால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் திரட்டியது தெனாகானித்தாவின் கைக்கு வந்தது.

1995-இல் ஐரீன் எல்லாவற்றையும் தொகுத்து ஒரு மகஜராக வெளியிட்டார். அரசாங்கம் விசாரிக்கட்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

ஏன் கைது செய்தார்கள்?

1996 மார்ச்சில் ஐரீன் கைது செய்யப்பட்டார். 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டத்தின் 8ஏ பிரிவின் கீழ், தீய நோக்கத்துடன் பொய்ச் செய்தி வெளியிட்டதாகக் குற்றச்சாட்டு. அதிகபட்சம் மூன்றாண்டுச் சிறை அல்லது 20,000 ரிங்கிட் அபராதம், அல்லது இரண்டும்.

இந்தப் பிரிவில் ஒரு கண்ணி இருந்தது. செய்தி உண்மையா என்று சரிபார்க்க நியாயமான முயற்சி எடுத்தேன் என்பதைக் குற்றம் சாட்டப்பட்டவர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் தீய நோக்கம் இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஐரீன் மீதான வழக்கு, ஒரு வகையில் முகாம்கள் மீதான விசாரணையாகவே ஆகிப்போனது. உள்ளே இருந்தவர்களே நீதிமன்றத்துக்கு வந்து, பார்த்ததைச் சொன்னார்கள்.

வழக்கு ஏழு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. அதுவரை மலேசியா கண்ட மிக நீண்ட வழக்கு என்று சொல்லப்பட்டது. 2003 அக்டோபர் 16-ஆம் தேதி மெஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்து 12 மாதச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீடு செய்து ஜாமீனில் வெளியே வந்தார்.

வெளியே வந்தார் என்பதற்காகச் சுதந்திரமாக இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். கடப்பிதழ் நீதிமன்றத்தின் கையில். வெளிநாட்டுக் கூட்டத்துக்குப் போகவேண்டும் என்றால் அனுமதி கேட்க வேண்டும். தண்டனை பெற்றவர் என்பதால் 2004 பொதுத் தேர்தலில் வேட்பாளராக நிற்க முடியவில்லை. முதலாளியிடம் கடப்பிதழ் மாட்டிக்கொண்ட தொழிலாளர்களுக்காகப் போராடியவருக்கு, அந்த நிலைமை எப்படி இருக்கும் என்பது சொந்த அனுபவமாகவே தெரிந்துபோனது.

2008 நவம்பர் 24. உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அரசுத் தரப்பும் எதிர்ப்புச் சொல்லவில்லை. கைதான நாளில் இருந்து 12 ஆண்டுகளுக்கு மேல். அவருக்கு அப்போது வயது 62.

வழக்கு நடந்தபோது வேலை நின்றதா?

இல்லை. 2002-இல் தெனாகானித்தா, பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பு ஒன்றுடன் சேர்ந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. முதுகில் டப்பாவைச் சுமந்து பாராகுவாட் அடித்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று உங்களுக்கே தெரியும். நம் வீட்டுப் பெண்கள்தான். அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது. 2006-இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டு, கடைசியில் 2020-இல்தான் முழுத் தடை வந்தது.

2005-இல், தண்டனை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தபோதே, சுவீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது ஐரீனுக்குக் கிடைத்தது. மாற்று நோபல் பரிசு என்று அழைக்கப்படும் விருது அது.

காப்பகம் ஏன் இவ்வளவு முக்கியம்?

இதைப் புரிந்துகொள்ள, ஒரு பணிப்பெண்ணின் நிலைமையை மனதில் வைத்துப் பாருங்கள். ஏஜெண்டுக்குக் கடன். கடப்பிதழ் முதலாளியின் அலமாரியில். வேலை பெர்மிட் அந்த ஒரே முதலாளியின் பேரில். சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை. ஒரு நாள் கதவு திறந்திருக்க, ஓடி வந்துவிடுகிறார்.

அந்த நிமிடத்தில் இருந்து சட்டத்தின் பார்வையில் அவர் யார்? முதலாளி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், ஆவணமில்லாத குடியேறி. பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார். போய்ச் சேரும் இடம் செமினி போன்ற ஒரு முகாம். அங்கிருந்து நேரே சொந்த ஊர். சம்பள பாக்கி? அடித்தவர் மீது வழக்கு? சாட்சி சொல்ல வேண்டியவரையே விமானம் ஏற்றிவிட்டால், வழக்கு ஏது?

தெனாகானித்தாவின் காப்பகம் இந்தச் சங்கிலியை அறுக்கிற இடம். முகவரியை வெளியே சொல்லமாட்டார்கள், ஏனென்றால் தேடி வருவது ஏஜெண்டாகவும் இருக்கலாம். முதலில் வேண்டியது தூக்கம், சாப்பாடு, மருத்துவர். பிறகு, அவருடைய மொழி தெரிந்த ஒருவர். அதன் பிறகுதான் போலீஸ் புகார், தொழிலாளர் நீதிமன்றத்தில் சம்பளக் கோரிக்கை, தூதரகத்தில் பயணப் பத்திரம்.

இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும். அதுவரை நாட்டில் தங்க குடிநுழைவுத் துறையிடம் ஸ்பெஷல் பாஸ் எடுக்க வேண்டும். அதற்கு மாதாமாதம் 100 ரிங்கிட் கட்டணம். ஆனால் அந்த பாஸை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது. சம்பளமே கிடைக்காமல் ஓடி வந்தவர் எங்கிருந்து கட்டுவார்? பலர் வழக்கைக் கைவிட்டு ஊருக்குப் போனதற்குக் காரணம் பயம் மட்டுமில்லை, இந்தக் கணக்கும்தான். தலைக்கு மேல் கூரை கிடைத்தால் மட்டும் போதாது, காத்திருக்கும் காலத்தில் உழைத்துச் சாப்பிடவும் உரிமை வேண்டும் என்பது ஐரீனின் நீண்ட நாள் வாதம்.

சட்டம் மாறியதா?

மாறியது, மெதுவாக. 2007-இல் மனிதக் கடத்தலுக்கு எதிரான சட்டம் நிறைவேறி, அடுத்த ஆண்டு அமலுக்கு வந்தது. கடத்தப்பட்டவரைக் குடிநுழைவுக் குற்றத்துக்காகத் தண்டிக்கக் கூடாது, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவோடு காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று அது சொன்னது. அரசாங்கக் காப்பகங்கள் திறக்கப்பட்டன. ஆனால் அங்கே இருந்தவர்கள் வெளியே போக முடியாது, வேலையும் செய்ய முடியாது. கதவுக்கு வேறு பெயர், பூட்டு அதே பூட்டு என்று சமூக அமைப்புகள் குறை கூறின.

சட்டம் வந்த பிறகும் ஐரீன் சும்மா இருக்கவில்லை. மியன்மார் அகதிகள் தாய்லாந்து எல்லையில் கடத்தல்காரர்களிடம் விற்கப்படுவதாக தெனாகானித்தா ஆவணப்படுத்தியது. 2009-இல் அமெரிக்க செனட்டின் வெளியுறவுக் குழுவும் இதே விவகாரத்தை அறிக்கையாக வெளியிட்டது. 2012-இல், மலேசியா வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பான இடமில்லை என்ற கருத்தை இந்தோனேசிய நாளிதழ் ஒன்றுக்குச் சொன்னதற்காக மீண்டும் போலீஸ் விசாரணை. நாட்டின் பெயரைக் கெடுக்கிறார் என்று பலர் திட்டினார்கள். வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று அவர் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

2014 மார்ச் 31-ஆம் தேதி, இதயச் செயலிழப்பால் ஐரீன் காலமானார். 68-ஆவது பிறந்தநாளுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

அடுத்த ஆண்டே, 2015-இல், சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்பு உத்தரவில் இருப்பவர்கள் வெளியே சென்று வரவும், வேலை செய்யவும் வழி பிறந்தது. அரசு சாரா அமைப்புகளும் அங்கீகாரம் பெற்ற காப்பகம் நடத்தலாம் என்றானது. அவர் அதைப் பார்க்க இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கும் உரிமை காப்பகத்தில் இருக்கும் ஒவ்வொருவர் கைக்கும் வந்து சேர்ந்துவிட்டதா என்றால், இல்லை. அனுமதிகளும் ஆவணங்களும் இன்னும் காலம் எடுக்கின்றன.

உங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

செராஸில் நீங்கள் சாப்பிடும் கடையில் மேசை துடைக்கும் அண்ணன், பிரிக்பீல்ட்ஸில் முடி வெட்டும் தமிழ்நாட்டுக்காரர், பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போடும் அக்கா. எல்லாரும் கடத்தப்பட்டவர்கள் இல்லை. ஆனால் யாராவது ஒருவருக்குக் கடப்பிதழ் கையில் இல்லை, சம்பளம் வருவதில்லை, வெளியே விடுவதில்லை என்று தெரிந்தால், அது அவர்களுடைய குடும்ப விவகாரம் இல்லை. இன்னொருவரின் கடப்பிதழைப் பிடித்து வைப்பதே 1966 கடப்பிதழ் சட்டப்படி குற்றம்.

நீங்களே போய்க் கதவைத் தட்டி முதலாளியிடம் சண்டை போடாதீர்கள். அதனால் அந்த நபருக்குத்தான் ஆபத்து. உடனடி ஆபத்து என்றால் 999. மற்றபடி 15999 என்ற தாலியான் காசே எண் 24 மணி நேரமும் உண்டு. தெனாகானித்தா இன்றும் இயங்குகிறது.

ஐரீன் 1995-இல் செய்ததும் முதலில் இவ்வளவுதான்: யாரும் கேட்காதவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். கேட்டதை எழுதி வைத்தார்.