திவாலாகும் நிலையில் இருந்த ஆர்கெஸ்ட்ரா... இசைத்தட்டு போட்டு மீண்டது எப்படி? யார் இந்த ராபர்ட் விட்னி?

முகமது அலி பிறந்த ஊர் என்றால் அமெரிக்காவின் லூயிவில் நகரம் பலருக்கும் தெரியும். அந்த ஊர் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை 1937 முதல் வழிநடத்தியவர் ராபர்ட் விட்னி.

1948ல் குழுவிடம் காசே இல்லை. பிரபல கலைஞரை வரவழைத்தால் ஒரே ராத்திரியில் பணம் காலி. அந்தப் பணத்தை இசையமைப்பாளர்களுக்குக் கொடுத்து புதுசா எழுத வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் மேயர் சார்லஸ் ஃபார்ன்ஸ்லி. விட்னியும் துணிந்து இறங்கினார்.

கணக்கு சிம்பிள்தான். பீத்தோவன் இசையை நியூயார்க், பிலடெல்பியா குழுக்களே பதிவு செய்து வைத்திருக்க, சின்ன ஊர்க் குழுவின் ரெக்கார்டை யார் வாங்குவார்? வேறெங்கும் கிடைக்காத இசை என்றால்தான் விலை போகும்.

1953ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 4 லட்சம் டாலர் தந்தது. கிட்டத்தட்ட வாரம் ஒரு புதுப் படைப்பு என்று திட்டம். 'ஃபர்ஸ்ட் எடிஷன்' என்ற சொந்த லேபிளில் பதிவாகி, சந்தாதாரர்களுக்குப் போனது. வாசித்தது சுமார் 50 பேர்தான்!

பிரேசிலின் வில்லா-லோபோஸ்கூட இவர்களுக்காக எழுதினார். எல்லாமே தேறவில்லை, பல படைப்புகளை இன்று யாரும் வாசிப்பதில்லை. ஆனால், எலியட் கார்ட்டரின் 'வேரியேஷன்ஸ்' 1956ல் முதலில் ஒலித்தது விட்னியின் கையசைவில்தான்.

1967ல் விட்னி விலகினார், 1986ல் மறைந்தார். அவர் போன பிறகும் லேபிள் நிற்கவில்லை.