ஒற்றைக் கால் குயவரும் ஒரு கணக்கு நோட்டும்: தரம் குறையாமல் செலவைக் குறைத்த வெட்ஜ்வுட்!

செலவைக் குறைக்கணும்னு முடிவெடுத்தா, பல நிறுவனங்கள் முதலில் கை வைப்பது பொருளின் தரத்தில்தான். மலிவான மூலப்பொருள், அவசர வேலை, பெயருக்கு ஒரு சோதனை. கொஞ்ச நாளில் வாடிக்கையாளர்களும் நழுவிவிடுவார்கள்.

250 ஆண்டுகளுக்கு முன்பு இதே நெருக்கடியில் சிக்கியவர் ஜோசையா வெட்ஜ்வுட். இங்கிலாந்துக் குயவர். பரிணாமக் கொள்கை தந்த சார்லஸ் டார்வினின் தாய்வழித் தாத்தா. அவர் பெயரில் இன்றும் பாத்திரங்கள் விற்பனைக்கு வருகின்றன. அவர் என்ன செய்தார்?

யார் இந்த வெட்ஜ்வுட்?

1730-ல் ஸ்டாஃபோர்ட்ஷயர் பகுதியின் பர்ஸ்லம் ஊரில், குயவர் குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். 9 வயதில் அப்பா இறந்துவிட, படிப்பு நின்று பட்டறை வேலை தொடங்கியது. சிறு வயதில் வந்த பெரியம்மை வலது முழங்காலைப் பாதித்தது. காலால் மிதித்துச் சக்கரம் சுற்றுவதே சிரமமானது. குயவருக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்?

அதனால் அவர் கவனம் வேறு பக்கம் திரும்பியது. எந்த மண்ணை எதோடு கலப்பது, எந்தப் பூச்சு பளபளக்கும், எவ்வளவு சூட்டில் எது வெடிக்கும் என்று ஆராய ஆரம்பித்தார். 1759-ல் சொந்தப் பட்டறை தொடங்கினார். சோதனை முடிவுகளை யாரும் திருடிவிடக் கூடாது என்று சங்கேதக் குறியீடுகளில் எழுதிவைத்தார். 1768-ல் அந்தக் காலை வெட்டி எடுக்க வேண்டிவந்தது. மயக்க மருந்து இல்லாத காலம் அது!

முதலில் தரம்

இந்தச் சோதனைகளில் மெருகேறியதுதான் பாலாடை நிறத்தில் மின்னும் ‘கிரீம்வேர்’. பீங்கான் போன்ற தோற்றம், ஆனா விலை குறைவு. 1765-ல் ராணி சார்லட்டுக்கு ஒரு டீ செட் செய்து கொடுத்தார். அதன் பிறகு இந்த வகைக்கு ‘குயின்ஸ்வேர்’ என்ற பெயரே நிலைத்தது.

உடைசலும் செலவுதான்

அந்தக் காலத்துச் சாலைகள் குண்டும் குழியுமானவை. குதிரை முதுகில் ஏற்றி அனுப்பினால், ஒரு பகுதி வழியிலேயே உடைந்துபோகும். அதோடு, களிமண்ணும் தொலைவிலிருந்து வர வேண்டும். இதற்கு வெட்ஜ்வுட் கண்ட வழி, கால்வாய். ட்ரென்ட் - மெர்சி கால்வாய்த் திட்டத்துக்காக முன்னின்று ஆதரவு திரட்டினார். 1766-ல் தொடங்கிய பணி 1777-ல் முடிந்தது. அந்தக் கால்வாய் போகும் வழியிலேயே இடம் வாங்கி, 1769-ல் ‘எட்ரூரியா’ தொழிற்சாலையைத் திறந்துவிட்டார்.

அங்கே ஒருவரே முழுப் பாத்திரத்தையும் செய்யும் வழக்கம் இல்லை. மண் குழைப்பவர், வனைபவர், பூச்சு போடுபவர், ஓவியம் வரைபவர் என வேலை பிரிக்கப்பட்டது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததால் கையும் பழகியது, வேகமும் கூடியது, வீணாவதும் குறைந்தது.

1772: பணம் எங்கே போகுது?

அந்த ஆண்டு பிரிட்டனில் வங்கிகள் முடங்கி, கடன் நெருக்கடி வெடித்தது. அழகுக் குடுவைகள் விற்காமல் தேங்கின. கையில் ரொக்கம் இல்லை. ஊரெல்லாம் பெயர் பெற்ற தொழிற்சாலைதான், ஆனா லாபம் எங்கே போகிறது என்று முதலாளிக்கே தெரியவில்லை.

வெட்ஜ்வுட் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒவ்வொரு குடுவைக்கும் மண், கூலி, நிலக்கரி, அச்சு, வாடகை, எழுத்தர் சம்பளம், விற்பனைச் செலவு எவ்வளவு என்று பிரித்தார். அப்போது இரண்டு விஷயங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

ஒன்று, தலைமைக் கணக்கரே பணத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரை மாற்றி, வாரந்தோறும் கணக்கு ஒப்படைக்கும் முறையைக் கொண்டுவந்தார்.

இரண்டாவதுதான் முக்கியம். 10 குடுவை செய்தாலும் 100 செய்தாலும் அச்சுக்கான செலவும் வாடகையும் மாறுவதில்லை. இன்று நிலையான செலவு, ‘ஓவர்ஹெட்’ என்று சொல்கிறோமே, அதேதான். ஒரே வடிவத்தை அதிக எண்ணிக்கையில் செய்தால் ஒவ்வொன்றின் மீதும் விழும் சுமை குறையும். அப்படியானால் தரத்தைத் தொடாமலே விலையைக் குறைக்கலாம்! பிரபுக்கள் ஏற்கெனவே வாங்கிப் பிரபலமாக்கிய குடுவைகளை, நடுத்தர மக்களும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தார்.

சூளைக்கு ஒரு அளவுகோல்

சூளையில் சூடு கூடினாலோ குறைந்தாலோ மண், கூலி, நிலக்கரி எல்லாமே வீண். அனுபவசாலியின் கண் மதிப்பீட்டைத் தவிர அப்போது நம்பகமான வழி இல்லை. சூடு ஏற ஏறக் களிமண் சுருங்கும் என்பதை வைத்து வெட்ஜ்வுட் ஒரு கருவி செய்தார். சிறு களிமண் துண்டைச் சூளையில் வைத்து எடுத்து, குறுகிக்கொண்டே போகும் பள்ளத்தில் நகர்த்த வேண்டும். அது எங்கே நிற்கிறதோ, அதுதான் சூட்டின் அளவு. இதற்குப் பின், 1783-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. பிற்காலத்தில் அதன் அளவுகள் பிழையானவை எனத் தெரிந்தது. இருந்தாலும், ஒரு சூளையை இன்னொன்றோடு ஒப்பிட அன்று அது கைகொடுத்தது.

யார் கொடுத்த விலை?

இதற்கு மறுபக்கமும் உண்டு. தன் நேரத்துக்கு வேலை பார்த்துப் பழகிய குயவர்கள், எட்ரூரியாவில் மணி அடித்தால் வர வேண்டும், விதி மீறினால் அபராதம் கட்ட வேண்டும். முழுப் பானையும் வனையத் தெரிந்த கை, ஒரே ஒரு வேலைக்குள் சுருங்கியது. தொழிலாளர்களுக்கு வீடும் கட்டித் தந்தவர்தான் அவர். ஆனாலும் அந்தக் கெடுபிடி பலருக்குப் பிடிக்கவில்லை.

1795 ஜனவரி 3-ல் அவர் இறந்தபோது, பர்ஸ்லம் பட்டறையில் தொடங்கிய தொழில் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. இன்று செலவைக் குறைக்க நினைக்கும் எவரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது அந்த 1772 கணக்கைத்தான். கூலியிலோ மூலப்பொருளிலோ கை வைப்பதற்கு முன், உடைசல், வீண், திருட்டு, பயன்படாத அச்சு ஆகியவற்றில் எவ்வளவு பணம் போகிறது என்று எழுதிப் பார்க்கணும். வெட்ஜ்வுட்டுக்கு மிச்சம் கிடைத்தது அங்கேதான்.