அரங்கன் கோயில் சாவியும் உடையவரும்

ராயப்பேட்டை சகோதரிகளுக்குத் திருவல்லிக்கேணி பக்கம்தான். அங்கே பார்த்தசாரதிப் பெருமாளை வேண்டி, கேசவ சோமயாஜி - காந்திமதி தம்பதி பெற்ற பிள்ளைதான் ஸ்ரீராமானுஜர். 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்தவர். அவர் பெரிய மகான் என்பது உங்களுக்குத் தெரியும். சிறந்த நிர்வாகி என்பது தெரியுமா?

ஆளவந்தாருக்குப் பிறகு, காஞ்சியிலிருந்து ஸ்ரீரங்கம் வந்தார் ராமானுஜர். அரங்கனே 'உடையவர்' என்று பெயர் சூட்டி, கோயில் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தாராம். ஆனால், கோயில் சாவி இருந்ததோ பெரிய கோயில் நம்பியிடம்! நெடுநாள் நிர்வாகம் செய்தவர், நேற்று வந்த துறவியிடம் எளிதில் விட்டுக் கொடுப்பாரா?

புதியவரைப் பிடிக்காத சிலரும் ஊரில் இருந்தார்கள். பிட்சையிலேயே விஷம் கலந்தார்களாம். பிட்சையிட வந்த பெண்மணி கண்ணீரோடு காலில் விழ, ஆபத்தை உணர்ந்து தப்பினார் என்கின்றன குருபரம்பரை நூல்கள்.

நம்பியை விலக்கிவிடலாமா என்று உடையவரும் நினைத்தார். நெடுங்காலம் தொண்டு செய்தவராயிற்றே என்று அரங்கன் கனவில் உணர்த்த, அந்த எண்ணத்தையே கைவிட்டார். பிறகு அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நம்பியின் மனதை மாற்றும் பொறுப்பைத் தன் சீடர் கூரத்தாழ்வானிடம் கொடுத்தார். சட்டம் போடவில்லை, சண்டை பிடிக்கவில்லை.

அப்போது நம்பியின் தாயார் பரமபதித்தார். பதினோராம் நாள் ஏகாஹத்துக்கு இலையில் உட்காரச் சம்மதிப்பவர் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். கூரத்தாழ்வான் போய் அமர்ந்தார். சாப்பிட்டவர் திருப்தி சொன்னால்தானே சடங்கு நிறைவேறும்? என்ன வேண்டும் என்று நம்பி கேட்டார். கோயில் பொறுப்பை உடையவருக்குத் தரும்படி வேண்டினார் ஆழ்வான். மனமுவந்து சாவியைக் கொடுத்தார் நம்பி!

அதன் பிறகே சீர்திருத்தங்கள். ஐந்தாக இருந்த பணியாளர் பிரிவுகளைப் பத்துக் கொத்தாக விரிவாக்கி, இன்னாருக்கு இன்ன கைங்கர்யம் என்று வரையறுத்தார் என்கிறது 'கோயிலொழுகு'. யார் வேலை எது என்று தெளிவானால், பாதிச் சண்டை தீர்ந்துவிடும் அல்லவா!

சாவியை இழந்த நம்பி என்ன ஆனார்? அவர்தான் திருவரங்கத்து அமுதனார். 108 பாசுரங்கள் கொண்ட இராமானுச நூற்றந்தாதியை உடையவர் மீதே பாடினார்! இன்றும் வைணவர்கள் அதை நித்தியம் சேவிக்கிறார்கள்.

புகுந்த வீடோ, பஜனை மண்டலியோ... புதிதாகப் பொறுப்பேற்கும்போது, முதலில் பழையவர்களின் மனதை வெல்லுங்கள். சாவி தானாக வரும். அடுத்த முறை ஸ்ரீரங்கம் சென்றால், உடையவர் சந்நிதியில் அந்தப் பொறுமையை வேண்டிக்கொள்ளுங்கள்!