மக்களின் ஆசிரியர் ஜூலியஸ் நைரேரே

நுழையும்முன்

வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என வாழ்வது நம்மில் பலருக்குப் பழகிய ஒன்று. வெவ்வேறு மொழி பேசும் மக்கள் தம்மை ஒரே நாட்டினராக எண்ணுவது எவ்வாறு? இக்கேள்விக்குத் தம் வாழ்நாள் முழுவதும் விடை தேடிய ஆப்பிரிக்கத் தலைவர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

பிறப்பும் கல்வியும்

இந்தியப் பெருங்கடலின் மேற்குக் கரையில் அமைந்த நாடு தான்சானியா. அங்கே சுகுமா, சாகா, ஹாயா, மக்கொண்டே, மசாய் முதலிய 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள் வாழ்கின்றன. அரேபியரும் இந்தியரும் நெடுங்காலமாக அந்நாட்டின் கடற்கரை நகரங்களில் வணிகம் செய்து வந்தனர்.

இந்நாட்டின் தலைநிலப் பகுதிக்கு முன்பு தாங்கனிக்கா என்று பெயர். அங்கு விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே உள்ள பூட்டியாமா என்னும் சிற்றூரில், 1922ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் நைரேரே பிறந்தார். தந்தையார் சனாக்கி என்னும் சிறிய இனக்குழுவின் தலைவர். மழை பொழிந்த நாளில் பிறந்தமையால், மழைத் தெய்வத்தின் பெயரான கம்பராகே என்பதைக் குழந்தைக்குச் சூட்டினர். ஜூலியஸ் என்பது பின்னாளில் கிறித்தவ சமயத்தைத் தழுவியபோது ஏற்ற பெயர்.

பன்னிரண்டாம் வயதில்தான் அவர் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் பேசிய சனாக்கி மொழி அங்குப் பயன்படவில்லை. எனவே சுவாகிலி மொழியைப் புதிதாகக் கற்றார். பிறகு ஆங்கிலமும் கற்றார். உகாண்டாவில் உள்ள மக்கரேரே கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். 1949 முதல் 1952 வரை ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். தாயகம் திரும்பி, டார் எஸ் சலாம் நகருக்கு அருகில் ஆசிரியராகப் பணியாற்றினார். அதனால் மக்கள் அவரை முவாலிமு என்று அழைத்தனர். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்கு ஆசிரியர் என்று பொருள். நாட்டின் தலைவரான பின்பும் அப்பெயரே அவருக்கு நிலைத்தது.

விடுதலைப் பணி

முதல் உலகப் போர் வரை செருமானியரும், அதன்பின் ஆங்கிலேயரும் தாங்கனிக்காவை ஆண்டனர். 1954இல் நைரேரே தாங்கனிக்கா ஆப்பிரிக்கத் தேசிய ஒன்றியம் என்னும் கட்சியை நிறுவினார். மறு ஆண்டு, ஆசிரியப் பணியா அரசியலா என முடிவு செய்யவேண்டிய நிலை வந்தது. தாம் விரும்பிய ஆசிரியப் பணியைத் துறந்து மக்கள் பணியை ஏற்றார். ஊர் ஊராகச் சென்று சுவாகிலியில் பேசினார். எந்த ஓர் இனக்குழுவுக்கும் உரிய கட்சியாக அது சுருங்காமல் பார்த்துக்கொண்டார். 1961ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், போரின்றித் தாங்கனிக்கா விடுதலை பெற்றது.

குடிமக்கள் யாவர்?

விடுதலைக்குச் சில வாரங்களுக்கு முன்பு நாடாளுமன்றத்தில் கடுமையான விவாதம் எழுந்தது. புதிய நாட்டின் குடியுரிமையைக் கறுப்பின மக்களுக்கு மட்டுமே வழங்கவேண்டும் என உறுப்பினர் சிலர் வாதிட்டனர். அயலார் ஆட்சியில் இழிவுபட்டவர்களின் சினம் அவ்வாதத்தில் இருந்தது. ஆயினும் நைரேரே அதை ஏற்கவில்லை. தோலின் நிறத்தைக் கொண்டு மனிதரைப் பிரிப்பது அயலார் செய்த அதே தவறு என்றும், நாட்டின்மீது கொண்ட பற்றே குடியுரிமைக்கு அடிப்படை என்றும் அவர் கருதினார். இக்கொள்கை தோற்றால் தம் அரசு பதவி விலகும் எனவும் அறிவித்தார். இறுதியில் அவருடைய கருத்தே வென்றது. பின்னர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அமீர் ஜமால் அவரது அமைச்சரவையில் நிதியமைச்சராகப் பொறுப்பேற்றார். 1972இல் அண்டை நாடான உகாண்டாவிலிருந்து இடி அமீன் ஆசியர்களை வெளியேற்றியபோது, நைரேரே அதை வெளிப்படையாகக் கண்டித்தார்.

1964இல் தாங்கனிக்காவும் சான்சிபார் தீவுகளும் இணைந்தன. இரண்டு பெயர்களின் முதற்பகுதிகளையும் சேர்த்துத் தான்சானியா என்னும் பெயர் உருவாயிற்று.

பொதுமொழியும் பொதுப்பள்ளியும்

நாட்டை ஒன்றாக்க நைரேரே தேர்ந்த கருவி சுவாகிலி. அது கடற்கரையில் தோன்றி, வணிகர் வழியே உள்நாட்டிற்குப் பரவிய மொழி. பெரிய இனக்குழு எதுவும் அதைத் தனக்கே உரியதெனக் கூறிக்கொள்ளவில்லை. ஆதலால் ஒருவர் மற்றவர்க்குப் பணிந்ததாக எவரும் எண்ணவில்லை. 1967 முதல் நாடெங்கும் தொடக்கக் கல்வி சுவாகிலியிலேயே கற்பிக்கப்பட்டது. அம்மொழியின் ஆற்றலை உணர்த்த, ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களை நைரேரே தாமே மொழிபெயர்த்தார். உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் தம் ஊருக்குத் தொலைவில் உள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். வெவ்வேறு இனக்குழுக்களின் பிள்ளைகள் ஒன்றாக உண்டு, ஒன்றாகக் கற்றனர். மரபுவழித் தலைவர்களின் அதிகாரத்தை 1963இல் அரசு நீக்கியபோது, நைரேரேயின் குடும்பத்திற்கு வழிவழியாக வந்த உரிமையும் அதனோடு நீங்கியது.

இம்முயற்சிக்கு ஒரு விலையும் இருந்தது. சனாக்கி உள்ளிட்ட பல தாய்மொழிகள் பள்ளிகளில் இடம்பெறவில்லை. அவற்றைக் காக்கும் பொறுப்பு வீடுகளையே சார்ந்தது.

நிறைவும் குறையும்

1967இல் நைரேரே அருஷா அறிக்கையை வெளியிட்டார். உஜாமா எனப்படும் கூட்டுக் குடும்ப வாழ்வுமுறையை நாடு முழுவதற்கும் விரிக்க விரும்பினார். ஆனால் 1970களில் உழவர் பலர் விருப்பமின்றியே புதிய ஊர்களில் குடியேற்றப்பட்டனர். வேளாண்மை நலிந்தது, மக்கள் துன்புற்றனர். வாடகைக் கட்டடங்கள் 1971இல் அரசுடைமையானபோது இந்தியக் குடும்பங்கள் பல நாட்டைவிட்டு வெளியேறின. ஒரே கட்சி ஆட்சியில் மாற்றுக் கருத்துக்குப் போதிய இடம் இல்லை. பெருந்தலைவர்களின் பணியும் ஆராய்ந்து மதிப்பிடத்தக்கதே என்பதற்கு இவை சான்று.

1985இல் அவர் தாமாகவே பதவியிலிருந்து விலகினார். இந்திய அரசு 1995இல் நிறுவிய காந்தி அமைதிப் பரிசை முதன்முதலில் பெற்றவர் அவரே. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் இலண்டனில் காலமானார். பிறந்த ஊரான பூட்டியாமாவிலேயே அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது. இன்று தான்சானிய மக்கள் வீட்டில் தத்தம் மொழி பேசினாலும், சந்தையிலும் நாடாளுமன்றத்திலும் சுவாகிலியில் பேசி ஒருவரையொருவர் அறிந்துகொள்கின்றனர்.

சொற்பொருள்

வம்சாவளி – பரம்பரை
துறந்து – கைவிட்டு
அரசுடைமை – அரசுக்கு உரியது
நலிந்தது – மெலிந்தது

பயிற்சி

1. நைரேரேக்கு முவாலிமு என்னும் பெயர் ஏற்பட்டது ஏன்?
2. பொதுமொழியாகச் சுவாகிலியைத் தேர்ந்ததற்கான காரணம் யாது?
3. குடியுரிமை பற்றிய நைரேரேயின் கருத்தை உம் சொற்களில் எழுதுக.
4. பொதுமொழியைக் கற்பதோடு தாய்மொழியையும் காப்பது எவ்வாறு? நீவிர் வாழும் ஊரை எண்ணி ஐந்து தொடர்களில் எழுதுக.