சிசுக்களின் சிறுநீரகத்தை ஆராய்ந்த எடித் பாட்டர் அம்மையார்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

குழந்தை மருத்துவம் பயில்வோர் அனைவரும் அறிந்த பெயர் எடித் பாட்டர். நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களோ அவரைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டதில்லை. கியூரி அம்மையாரைப் பற்றி ஆண்டுதோறும் யாரேனும் எழுதிவிடுகிறார்கள். ஆகவே நான் இவரைத் தேர்ந்தெடுத்தேன்.

1901ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த இவர், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார். நோய்க்குறியியலில் முனைவர் பட்டமும் பெற்றார். 1934இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மகப்பேறு மருத்துவமனையில் பணியேற்றார். 1967இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே பணியாற்றினார்.

அவர் செய்த பணி எளிதானதன்று. பிறக்குமுன் இறந்த, பிறந்தவுடன் இறந்த சிசுக்களின் உடல்களை அறுத்துச் சோதித்து, இறப்பின் காரணத்தைக் காண்பதே அது. பெரியவர் இறந்தால் காரணம் கேட்பார் உண்டு. சிசு இறந்தால், அடுத்த பிள்ளை பிழைக்கும் என்று தாயைத் தேற்றுவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். பாட்டர் அம்மையார் அவ்வாறு விட்டுவிடவில்லை. சுமார் 5,000 சிசுக்களின் சோதனைக் குறிப்புகளை ஒப்பிட்டார். அவற்றுள் 20 சிசுக்களுக்கு இரு சிறுநீரகங்களுமே இல்லை. வியப்பு என்னவெனில், அந்தச் சிசுக்களின் முகங்கள் ஒன்றுபோல் இருந்தன! அகன்ற கண்கள், கண்ணின் உட்கோணத்திலிருந்து இறங்கும் தோல்மடிப்பு, தட்டையான மூக்கு, தாழ்ந்த காதுகள், உள்வாங்கிய முகவாய். 1946இல் இதனை அவர் வெளியிட்டார்.

சிறுநீரகத்துக்கும் முகத்துக்கும் என்ன தொடர்பு? இது பின்னர்தான் நன்கு விளங்கிற்று. கருவின் பிற்பாதிக் காலத்தில் பனிக்குட நீரின் பெரும்பகுதி சிசு கழிக்கும் சிறுநீரே ஆகும். சிறுநீரகம் இல்லையேல் நீர் இல்லை. நீர் இல்லையேல் கருப்பைச் சுவர் சிசுவை நெருக்கும், முகம் அழுந்தும், நுரையீரலும் வளராது. அத்தகைய சிசு பிறந்ததும் மூச்சுவிட இயலாமல் இறப்பது இதனால்தான்.

எனினும் என்னை மிகவும் கவர்ந்தது 1960களில் அவர் செய்த ஆய்வு. ஒசதானந்த் என்னும் ஆய்வாளருடன் சேர்ந்து, சிசுக்களின் சிறுநீரகத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து இளகச் செய்தார். பின்பு நுண்ணோக்கியின் கீழ், ஊசிமுனையால் அதன் நுண்குழல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். நம் ஆய்வுக்கூட மேசையில் இருக்கும் அதே அமிலந்தான்! சற்றுக் கை தவறினால் மயிரினும் மெல்லிய அந்தக் குழல் அறுந்துபோகும். அந்தப் பொறுமையை எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது.

சிறுநீரகம் மரம் போல் வளர்கிறது என்பது அதில் தெளிவாயிற்று. சேகரிப்புக் குழல் கிளைவிட்டுக்கொண்டே போகும். அதன் நுனிகளின் அருகில் புதிய நெஃப்ரான்கள் உருவாகும். முதலில் தோன்றியவை உள்ளேயும், கடைசியில் தோன்றியவை வெளிவிளிம்பிலும் இருக்கும். நீர்க்கட்டிகள் நிறைந்த சிறுநீரகங்களை 1964இல் அவர் நான்கு வகையாகப் பிரித்தார். நான்காம் வகைக்குக் காரணம் சிறுநீர் வெளியேறும் பாதையில் பிறவியிலேயே உள்ள அடைப்பு. சில ஆண் சிசுக்களின் சிறுநீர்த் தாரையில் மெல்லிய சவ்வு ஒன்று வால்வுபோல் வளர்ந்து வழியை மறிக்கிறது. தேங்கிய நீரின் அழுத்தம் மேல்நோக்கிச் சென்று, வளரும் நுனிகளை உப்பச் செய்கிறது. அங்கே திசு சிதைந்து நீர்க்கட்டியாகிறது. தோன்றவேண்டிய நெஃப்ரான்கள் தோன்றாமலே போகின்றன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. கருவின் 36ஆம் வாரத்துக்குள் அவை யாவும் உருவாகி முடிந்துவிடும். அதன்பின் வாழ்நாள் முழுதும் புதிதாக ஒன்றுகூட வராது. இன்று ஒலியலைப் படத்தில் அடைப்பைப் பிறப்பதற்கு முன்பே காண்கிறார்கள். பிறந்தபின் கருவியைச் செலுத்தி அந்தச் சவ்வை நீக்கியும் விடுகிறார்கள். ஆனாலும் அக்குழந்தைகளுள் சிலருக்குப் பிற்காலத்தில் சிறுநீரகம் செயலிழக்கிறது. அடைப்பு நீங்கியும் நோய் ஏன் தொடர்கிறது என்று பெற்றோர் கேட்பது இயற்கை. கருப்பைக்குள் இழந்ததை அறுவை மருத்துவம் மீட்டுத் தர இயலாது என்பதற்கான விடை, பாட்டர் அம்மையாரின் ஊசிமுனையில் கிடைத்தது.

ஓய்வு பெற்ற பின்னரும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. சிறுநீரகத்தின் இயல்பான வளர்ச்சியையும் பிறழ்ந்த வளர்ச்சியையும் பற்றிய அவருடைய நூல் 1972இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது. 1993இல் அவர் காலமானார்.